அளந்து வாங்குவோம்! அளந்து காட்டிக் கேட்போம்!



"நூறு எம்பி ஸ்பீடுன்னு சொல்லிக் காசு வாங்குறாங்க ஹஜ்ரத். பத்துகூட வரமாட்டேங்குது!" ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது இந்தப் புலம்பலைக் கேட்காத வாரம் இல்லை. இராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, தொண்டி என்று கடலோரம் நெடுக எங்கே போனாலும் இதே குறைதான்.

சமுதாயப் பத்திரிகையில் இதற்கெல்லாம் தலையங்கமா என்று சிலர் நினைக்கலாம். சினிமா பார்க்கிறவனுக்கு நெட் நின்று போனால் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சிந்தித்துப் பாருங்கள்! வியாபாரியின் ஜிஎஸ்டி கணக்கு இணையத்தில்தான் போகிறது. பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பமும் கல்வி உதவித்தொகையும் இணையத்தில்தான். ஹஜ் விண்ணப்பமும் அப்படியே. வக்ஃப் சொத்துக்களின் விவரங்களை, 2025 ஜூன் 6-இல் தொடங்கப்பட்ட உமீத் இணையதளத்தில் ஆறு மாதத்திற்குள் ஏற்ற வேண்டும் என்று கெடு வைத்தார்கள். நம் முன்னோர் அல்லாஹ்வுக்காக எழுதி வைத்த நிலத்தின் பத்திரம், ஒரு வயரின் வழியாகப் போய்ச் சேர வேண்டிய காலம் இது! 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணைய வசதியைப் பெறுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. ஆகவே இது பொழுதுபோக்குப் பிரச்சனை அல்ல, உரிமைப் பிரச்சனை.

உரிமையைக் கேட்பதற்கு முன்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அளந்து பார்ப்பதே அந்த ஒழுங்கு. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் அவர்கள் பெயரால் இருக்கிறது: அல் முதஃப்பிஃபீன், 83வது அத்தியாயம். நபி ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களை எச்சரித்ததும் அளவையையும் நிறுவையையும் பற்றித்தான். விற்பவனுக்கு நிறைவாக அளக்கும் கடமை உண்டு. வாங்குபவனுக்கோ, அளந்து பார்க்காமல் பிறர்மீது பழி போடாத கடமை உண்டு. தீர விசாரிக்காமல் ஒருவரைக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்பதும் நம் மார்க்கம் கற்றுத்தந்த பாடமே.

இதை எழுதுகிற நாமே இந்தப் பாடத்தில் ஒருமுறை தோற்றோம். அலுவலகத்தில் நெட் ஊர்கிறது என்று லைன்மேன் தம்பியைப் பலர் முன்னிலையில் சத்தம் போட்டுவிட்டோம். அந்தத் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக உள்ளே போய் இரும்பு பீரோவைத் திறந்தார். பிள்ளைகள் கை வைத்துவிடக்கூடாது என்று நாமே உள்ளே வைத்துப் பூட்டிய மோடம் அங்கே இருந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்தார், வேகம் வந்துவிட்டது. அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டோம். ஒப்பந்தக் கூலிக்கு வெயிலில் கம்பம் ஏறுகிறவர் மீது கோபத்தைக் கொட்டுவது எளிது. பீரோவைத் திறந்து பார்ப்பதுதான் நமக்குக் கடினமாக இருக்கிறது!

இனி எப்படி அளப்பது என்று பார்ப்போம்.

முதலில் படிக்கல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். நிறுவனம் விற்பது மெகாபிட் கணக்கில். உங்கள் கணினி காட்டுவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே நூறு மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான் வரும். ஆயிரம் மெகாபைட் உள்ள ஒரு வீடியோ பத்து விநாடியில் இறங்கும் என்று எதிர்பார்க்கிறோம். எண்பது விநாடி ஆகிறது. "ஏமாற்றிவிட்டார்கள்" என்கிறோம். இது ஏமாற்று அல்ல, ராத்தலையும் கிலோவையும் குழப்பிக்கொண்ட கதை. அதே நேரத்தில் விளம்பரத்தில் "100 எம்பிபிஎஸ் வரை" என்று இருக்கும் அந்த 'வரை'யையும் கவனியுங்கள். எந்த அளவுக்குப் பிறகு வேகம் குறைக்கப்படும் என்ற மாத வரம்பையும் படியுங்கள். மாதக் கடைசியில் மட்டும் நெட் ஊர்ந்தால் காரணம் பெரும்பாலும் அந்த வரம்புதான்.

இரண்டாவது, தராசைச் சரியாக வையுங்கள். வைஃபையில் சோதித்துவிட்டுப் புகார் செய்யாதீர்கள். ஒரு மடிக்கணினியை லேன் வயர் மூலம் மோடத்தில் நேரடியாக மாட்டுங்கள். மற்ற கைபேசி, டிவி எல்லாவற்றிலும் நெட்டை நிறுத்துங்கள். பிறகு வேகத்தைச் சோதியுங்கள். ஃபஜ்ருக்குப் பிறகு ஒன்று, லுஹர் நேரத்தில் ஒன்று, இஷாவுக்குப் பிறகு ஒன்று என மூன்று நாள் செய்யுங்கள். தேதி, நேரம், வேகம் மூன்றையும் கடைக் கணக்கு எழுதுவதுபோல் நோட்டில் எழுதுங்கள். அந்த ஒன்பது வரிகள்தான் உங்கள் சாட்சி.

மூன்றாவது, கணக்கைப் படியுங்கள். வயரில் நல்ல வேகம், வைஃபையில் மட்டும் இல்லை என்றால், கோளாறு உங்கள் வீட்டுக்குள். வைஃபை இரண்டு அலைவரிசையில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. நெரிசலான தெருவில் பக்கத்து வீட்டு அலைகள் எல்லாம் அதிலேயே மோதும். மைக்ரோவேவ் அடுப்பும் அதைக் கெடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். நம் ஊர்களில் பழைய வீடுகளின் கனத்த சுண்ணாம்புச் சுவர்கள் வெயிலைத் தடுத்ததுபோல இந்த அலையையும் தடுக்கின்றன. மோடத்தை வீட்டின் நடுவில், உயரமாக, திறந்த இடத்தில் வையுங்கள். பீரோ, ஃபிரிட்ஜ், மீன் தொட்டி இவற்றின் பின்னால் வேண்டாம். மாடிக்கு வேண்டுமென்றால் ஒரு லேன் வயர் இழுத்து அங்கே இன்னொரு ரூட்டர் வையுங்கள்.

வயரிலேயே 94, 95-க்கு மேல் ஏறவில்லை, ஆனால் நீங்கள் வாங்கியது 200 என்றால், மாட்டிய வயரையும் மோடத்தின் துளையையும் சந்தேகியுங்கள். லேன் வயருக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. ஒன்று அறுந்தாலும் வேகம் நூறிலேயே நின்றுவிடும். மலிவான ரூட்டர்கள் சிலவற்றில் துளையே நூறுக்கு மேல் தராது. கண்ணாடி இழை துருப்பிடிக்காது. ஆனால் அடாப்டர் முனையையும் வயர் முனையையும் நம் உப்புக் காற்று அரித்துவிடும். கடலோரத்தில் வாழும் நாம் படகு எஞ்சினுக்குப் பார்ப்பதுபோல் இதையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. உங்களுக்குத் தெரியாமல் யார் குடிக்கிறார்கள் என்று பாருங்கள். கடை சிசிடிவி இரவு பகலாக இணையத்திற்குப் படம் ஏற்றிக்கொண்டிருக்கும். கைபேசி தானாகப் புகைப்படங்களை மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். ஏற்றும் பாதை நிரம்பினால் இறங்கும் பாதையும் திணறும். சவூதியிலிருந்து அத்தா பேசும் வீடியோ கால் அப்போதுதான் விக்கும். தெருவில் பத்துப் பேருக்கு உங்கள் பாஸ்வேர்டு தெரிந்திருந்தால் மாற்றுங்கள். இளைஞர்களே! அனுமதி இல்லாமல் அண்டை வீட்டார் வைஃபையைப் பயன்படுத்துவது கெட்டிக்காரத்தனம் அல்ல. பிறர் காசு கொடுத்து வாங்கிய பொருளை எடுப்பதற்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

நான்காவது, வீட்டில் எல்லாம் சரி, வயரிலும் வேகம் இல்லை என்றால், இப்போது கோளாறு வாசலுக்கு வெளியே. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா பாருங்கள். ஃபைபர் கம்பி மடங்கியிருந்தாலும், முனையில் தூசி இருந்தாலும் ஒளி குறையும். லைன்மேனிடம் அதை அளக்கும் மீட்டர் இருக்கும். மைனஸ் 20 டிபிஎம் என்று காட்டினால் நல்லது, மைனஸ் 27-ஐத் தாண்டிவிட்டால் லைனில் கோளாறு. அந்த எண்ணைக் கேட்டு நோட்டில் குறியுங்கள்.

காலையில் நன்றாக இருந்து இஷாவுக்குப் பிறகு மட்டும் படுத்துவிடுகிறதா? அது நெரிசல். வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஒரே இழையில் விநாடிக்கு இரண்டரை ஜிகாபிட் கொண்டுவந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கப்படுகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் மாதிரிதான்: எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைசி வீட்டுக்கு நூலாக வரும். கொள்ளளவைக் கூட்டாமல் இணைப்பை மட்டும் விற்றுக்கொண்டே போனால், அது நாம் தட்டிக் கேட்க வேண்டிய குற்றம்.

சில நேரம் கோளாறு ஊரிலும் இருக்காது, நாட்டிலும் இருக்காது. 2025 செப்டம்பர் 6-இல் ஜித்தா அருகே செங்கடலில் கடலடிக் கம்பிகள் அறுந்தபோது இந்தியாவிலும் வளைகுடாவிலும் இணையம் தளர்ந்தது. அப்படிப்பட்ட நாளில் உள்ளூர்த் தளங்கள் ஓடும், வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் திணறும். ஒரே ஓர் அரசுத் தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் அது அந்தத் தளத்தின் நெரிசல். அதற்கும் லைன்மேனைத் திட்ட வேண்டாம்.

சகோதரர்களே! நம் மண்ணின் மைந்தர் அப்துல் கலாம் அவர்கள் சிறுவனாக இருந்தபோது, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், இராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை ரத்து செய்துவிட்டார்கள். ஓடுகிற ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வீசுவார்கள். பத்திரிகை முகவராக இருந்த உறவினருக்காக அந்தக் கட்டுகளைப் பொறுக்கி எடுத்துத் தந்தார் அந்தச் சிறுவர். அதுவே அவரது முதல் சம்பாத்தியம். ரயில் எத்தனை வேகமாக வந்தால் என்ன? கடைசி மைலில் எடுத்துச் சேர்க்க ஆள் இல்லாவிட்டால் செய்தி தண்டவாள ஓரத்தில்தான் கிடக்கும். இன்றும் நம் கோளாறு அந்தக் கடைசி மைலில்தான். அதைக் கேட்க ஆள் வேண்டும்.

கேட்கும் வழி இதுதான். முதலில் நிறுவனத்தில் புகார் செய்து புகார் எண் வாங்குங்கள். எண் இல்லாத புகார் புகாரே அல்ல. தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள்; 2012-இல் ட்ராய் வகுத்த விதிகள் இந்த இரண்டு படிகளையும் கட்டாயமாக்கியுள்ளன. ட்ராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை. அடுத்து மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்தில் தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரி 16-இல் உச்சநீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்திருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணமும் இல்லை. அங்கே உங்கள் கோபம் சாட்சி ஆகாது. அந்த ஒன்பது வரி நோட்டுதான் சாட்சி.

தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொடுப்பதாக அறிவித்து டான்ஃபிநெட் நிறுவனத்தை அரசு ஏற்படுத்தியது. நம் மாவட்டத்தின் ஊராட்சிகளும் அதில் அடக்கம். உங்கள் ஊராட்சிக்கு வந்ததா? வந்தது ஓடுகிறதா? அடுத்த கிராமசபையில் எழுந்து கேளுங்கள். மாற்று மதச் சகோதரர்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். மீனவர் குப்பத்துக்கும் அதே கம்பிதான் வரவேண்டும்.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் இரண்டு இளைஞர்கள் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மடிக்கணினி, ஒரு நல்ல லேன் வயர், ஒரு நோட்டு போதும். விதவைத் தாய்மார்கள், முதியவர்கள் வீடுகளுக்கு நீங்களே போய் அளந்து கொடுங்கள். வியாபாரிகளே! பிறர் நமக்குக் குறைத்து அளந்தால் கொதிக்கிறோம். நம் கடைத் தராசுக்கு முத்திரை ஆய்வாளர் வைத்த முத்திரை இந்த ஆண்டுடையதா என்று இன்றே பாருங்கள். தன் தராசு நேராக இருப்பவன் கேட்கும் கேள்விக்குத்தான் வலிமை உண்டு.

நிறைவாக அளப்போராகவும், நியாயமாகக் கேட்போராகவும் வல்ல ரஹ்மான் நம்மை ஆக்கி அருள்வானாக! வஸ்ஸலாம்.