கூடம் கோணலா?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. கணிப்பொறி உலகில் இதனை அடிக்கடி காணலாம். நேற்றுவரை விரைந்து ஓடிய நிரல், லினக்ஸ் கெர்னலைப் புதுப்பித்தவுடன் தள்ளாடுகிறது. உடனே, "புதிய கெர்னல் மோசம், பழையதற்கே திரும்பு" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். விசாரணையில்லாத இத்தீர்ப்பை நான் ஏற்பதற்கில்லை.

கெர்னல் என்பது இயக்க முறைமையின் உள்ளகம். ஒரு நிரல் தன் வேலையைப் பல இழைகளாகப் பிரித்து ஒரே வேளையில் செய்யும்போது, செயலியின் எந்தக் கோரில் எந்த இழைக்கு எப்போது இடம் என்று முடிவு செய்வது கெர்னலிலுள்ள ஷெட்யூலர். பந்தியில் இலை பார்த்து ஆட்களை அமர்த்துபவர் போன்றது அது. 2007 அக்டோபரில் வெளிவந்த 2.6.23 பதிப்பில், இங்கோ மோல்னார் எழுதிய சி.எஃப்.எஸ். என்னும் ஷெட்யூலர் புகுந்தது. 2023இல் 6.6 பதிப்பில் இ.இ.வி.டி.எஃப். அதன் இடத்தைப் பிடித்தது. அமர்த்துபவர் மாறினால் பந்தியின் வேகமும் மாறும் அன்றோ?

சி.எஃப்.எஸ். வந்த புதிதில், வலையமைப்பின் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் என்னும் நிரல் மந்தமாயிற்று. பழி ஷெட்யூலர் மீது விழுந்தது. ஆராய்ந்தபோது தெரிந்ததோ வேறு. ஓர் இழை மற்றோர் இழைக்காகக் காத்திருக்க வேண்டிய இடத்தில், முறையாக உறங்காமல், இடத்தை விட்டுக்கொடுப்பதும் உடனே திரும்பி வந்து நிற்பதுமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. திருத்த வேண்டியிருந்தது நிரலைத்தான்!

ஆனால் கூடமே கோணலாக இருப்பதும் உண்டு. 2016இல் யூரோசிஸ் மாநாட்டில் ஆய்வாளர் சிலர் லினக்ஸ் ஷெட்யூலரின் பிழைகளை வெளியிட்டனர். சில கோர்கள் நொடிக்கணக்கில் சும்மா கிடக்க, வேலைக்கு ஆயத்தமான இழைகள் வேறு வரிசையில் காத்துக் கிடந்தன. இலை காலி, ஆளோ வாசலில்! இதனால் ஒரு தரவுத்தளம் சோதனையில் 14 முதல் 23 விழுக்காடு வரை குறைவாக வேலை செய்தது. வழக்கமான கருவிகளுக்கு இப்பிழைகள் எளிதில் சிக்காததால், ஆய்வாளர்கள் தாமே புதிய கருவிகளைச் செய்தனர்.

மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்னும் செயலிக் குறை வெளியானபோது, கெர்னலின் நினைவகத்தை நிரல்களின் பார்வையிலிருந்து பிரித்து வைக்கும் காவல் சேர்க்கப்பட்டது. கெர்னலை அடிக்கடி அழைக்கும் நிரல்கள் தாமதமாயின. இது பிழையன்று, பாதுகாப்புக்குக் கொடுத்த விலை. வேகத்துக்காகக் காவலற்ற பழைய கெர்னலுக்கு ஓடுபவர், பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கதவு எளிதாகத் திறக்கிறது என்று மகிழ்பவரே ஆவார்.

ஆக, நோய் ஒன்று, காரணம் மூன்று. பிரித்தறிவது எப்படி? கணிப்பொறி, நிரல், வேலை மூன்றும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மாறுவது கெர்னல் மட்டுமே. ஒருமுறை அளந்தால் போதாது. பலமுறை அளக்க வேண்டும். இழைகள் எவ்வளவு நேரம் ஓடின, எவ்வளவு நேரம் காத்திருந்தன என்பதைப் பெர்ஃப் என்னும் கருவி காட்டும். ஐயம் கெர்னல் மீதே வலுத்தால், கிட் பைசெக்ட் உண்டு. இரு பதிப்புகளுக்கிடையே நடந்த மாற்றங்களைப் பாதி பாதியாக ஒதுக்கிச் சோதிக்கும் முறை அது. 10,000 மாற்றங்கள் இருந்தாலும் ஏறத்தாழ 14 சோதனைகளில் குற்றவாளி அகப்படுவான்!

மாணவ நண்பர்களே! லினக்ஸின் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. "மோசம்" என்ற ஒரு சொல்லால் அதில் ஓர் எழுத்தும் திருந்தாது. "இந்த மாற்றத்துக்குப் பின், இந்த வேலையில், இவ்வளவு வேகம் குறைந்தது" என்று சான்றுடன் எழுதினால், அதை எழுதியவர் சிற்றூர்க் கல்லூரி மாணவரே ஆனாலும், அந்தச் சான்று பேசும். கூடம் கோணல் என்று தாராளமாகச் சொல்வோம். ஆனால் அளவுகோல் வைத்துப் பார்த்த பிறகு சொல்வோம்!