எட்டுக்கு ஏழு வாங்கிய கட்டுரைக்கு இப்போது எட்டுக்கு நாலு!

ஜூனில் பள்ளி திறந்து, முதல் இடைப்பருவத் தேர்வின் விடைத்தாள்கள் வீட்டுக்கு வரும் நேரம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் ஒரே மாதிரியான புலம்பல் கேட்கும். ''ஒன்பதாவது வரைக்கும் கட்டுரைக்கு எட்டுக்கு ஏழு வாங்கிட்டிருந்தா. புதுசா வந்திருக்கிற தமிழம்மா நாலுதான் போட்டிருக்காங்க. அதே பொண்ணு, அதே மாதிரி கட்டுரை. மூணு மார்க் எங்கே போச்சு?''

கணக்கில் மார்க் குறைந்தால் எந்த வரியில் தப்பு என்று காட்டிவிடலாம். கட்டுரையில் அது அவ்வளவு சுலபம் இல்லை. அதனால் குறைந்த மார்க், 'உனக்கு எழுத வரவில்லை' என்ற தீர்ப்பு போலப் பிள்ளையின் மனதில் இறங்கிவிடுகிறது. சொந்தமாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளை, 'எதுக்கு வம்பு' என்று நோட்ஸில் இருக்கும் கட்டுரையை மனப்பாடம் செய்ய ஆரம்பிப்பதும் இந்த இடத்தில்தான். மூன்று மார்க்கை அடுத்த தேர்வில் மீட்டுவிடலாம். சொந்தமாக எழுதும் துணிச்சல் ஒருமுறை போய்விட்டால் திரும்ப வருவது கஷ்டம்.

மாறியது அளவுகோல்

ஒரே கட்டுரைக்கு இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாக மார்க் போடுவது புதிய விஷயம் அல்ல. 1912-ம் ஆண்டில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஆங்கில விடைத்தாள்களை நகலெடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஒரே தாளுக்கு ஓர் ஆசிரியர் 64 போட்டிருந்தார். இன்னொருவர் 98 போட்டிருந்தார்.

ஆக, ஏழு நாலாகக் குறைந்ததால் பிள்ளையின் திறமை குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அதற்காக அந்த நாலை ஒதுக்கிவிடவும் முடியாது. பழைய ஆசிரியர் கண்டுகொள்ளாமல் விட்ட எதையோ புதியவர் பார்க்கிறார். அது என்னவென்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

மார்க் கசியும் இடங்கள்

விடைத்தாளை நிதானமாகப் பார்த்தால், பெரும்பாலும் இந்த ஐந்து இடங்களில் ஏதாவது ஒன்றில் மார்க் போயிருக்கும்.

1. முன்னுரை: தலைப்பு சாலைப் பாதுகாப்பு. கட்டுரையோ மனிதகுலத்தின் வரலாற்றில் ஆரம்பித்து, நாலாவது வரியில்தான் சாலைக்கே வருகிறது. எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் முன்னுரையை, திருத்துபவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

2. குறிப்புகள்: கேள்வியில் கொடுத்த குறிப்புகளில் ஒன்றிரண்டு விடுபட்டிருக்கும். அல்லது உட்தலைப்பு இருக்கும். அதன் கீழே இரண்டு வரிதான் இருக்கும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை மூன்றும் ஒரே பத்தியாக ஓடியிருப்பதும் உண்டு.

3. வாக்கியம்: 'மரங்கள் வெட்டப்படுகிறது' என்று எழுதியிருப்பார்கள். மரங்கள் பன்மை; 'வெட்டப்படுகின்றன' என்றுதான் முடிய வேண்டும். அவசரத்தில் எழுதும்போது அதிகம் வரும் பிழை இது.

4. ஒற்று, எழுத்து: 'திட்டங்களை செயல்படுத்த' என்பதில் 'ச்' விட்டுப்போயிருக்கும். 'பொறுத்தவரை' என்பது 'பொருத்தவரை' ஆகியிருக்கும். ஓர் ஆசிரியர் இதைக் கடந்துபோவார். இன்னொருவர் ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் சுழித்து வைப்பார்.

5. பேச்சு வழக்கும் திணித்த மேற்கோளும்: 'ஹெல்மெட் போடணும்' என்ற வரி கட்டுரைக்குள் வந்திருக்கும். தலைப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குறள், மேற்கோள் வேண்டுமே என்பதற்காக உட்கார்ந்திருக்கும்.

ஐந்தும் ஒரே பிள்ளைக்கு இருப்பது அபூர்வம். ஒன்றோ இரண்டோதான் திரும்பத் திரும்ப வரும். அதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மார்க்கை மூடிவிட்டுப் படிக்கலாம்

தாள் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருப்பதைப் படிப்பவர்கள் குறைவு. உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர், 1988-ல் இஸ்ரேல் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்றை வெளியிட்டார். ஒரு குழுவுக்கு மார்க் மட்டும், இன்னொரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்ற குழந்தைகள் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மார்க் கண்ணில் பட்டதும் குறிப்பு பின்னால் போய்விடுகிறது.

வீட்டில் இதற்கு ஒரு சின்ன வழி உண்டு. தாள் வந்த அன்று அதைப் பற்றிப் பேச வேண்டாம். மறுநாள், மார்க் இருக்கும் இடத்தை ஒரு துண்டுக் காகிதத்தால் மூடிவிட்டு, கட்டுரையைப் பிள்ளையே சத்தமாகப் படிக்கட்டும். தடுக்கும் இடங்களைப் பென்சிலால் கோடிடட்டும். சிவப்பு மை விழுந்த இடங்களில் பலவற்றை அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

கேட்கிற விதம்

அடுத்து, ஆசிரியரிடம் கேட்பது. இதைப் பிள்ளையே கேட்பது நல்லது. ''ஏன் மார்க் குறைச்சீங்க?'' என்று ஆரம்பித்தால் அது வழக்கு மாதிரி ஆகிவிடும். ''அம்மா, இந்தக் கட்டுரையில எதை மாத்தினா ஆறு மார்க் வரும்னு சொல்லுங்க. திருத்தி எழுதிட்டு வர்றேன்'' என்று கேட்டால், கண்டிப்பான ஆசிரியரும் பேனாவை எடுத்துவிடுவார். வகுப்பு முடிந்து அவர் அடுத்த வகுப்புக்கு ஓடும் நேரத்தில் கேட்காமல், உணவு இடைவேளையில் கேட்கலாம்.

சொன்னதைத் திருத்தி, அதே கட்டுரையை இரண்டு நாளில் மறுபடி எழுதிக் காட்டுவது முக்கியம். புதிதாகப் பத்துக் கட்டுரை எழுதுவதைவிட, ஒரே கட்டுரையை ஒருமுறை உருப்படியாகத் திருத்தி எழுதுவது அதிகம் கற்றுக்கொடுக்கும்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் பொதுக்கட்டுரை கடைசிக் கேள்வி. கை வலிக்கும் நேரத்தில், மணி அடிக்கப் போகிறது என்ற பதற்றத்தில் எழுதுவது. வீட்டில் இரவு நிதானமாக எழுதினால் நன்றாக வரும் கட்டுரை, தேர்வில் சரியாக வராததற்கு இது பெரிய காரணம். வாரம் ஒரு நாள் இருபது நிமிடம் கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்கலாம். முதல் மூன்று நிமிடம் உட்தலைப்புகளை மட்டும் வரிசையாகக் குறித்துக்கொண்டு ஆரம்பித்தால், பாதியில் திணற வேண்டியிருக்காது.

பெற்றோர் பங்கு

மார்க் குறைந்ததும் பள்ளிக்குப் போன் போடுவதும், வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்களின் மார்க்கை விசாரிப்பதும் வேண்டாம். 'பழைய மிஸ் எவ்வளவு நல்லவங்க' என்று பிள்ளை காதுபடப் பேசுவதும் வேண்டாம். ஆசிரியர்மீது வீட்டிலேயே மரியாதை போய்விட்டால், அவர் எழுதிய குறிப்பைப் பிள்ளை ஏன் படிக்கப் போகிறது? 'நாலு மார்க்தானா' என்பதற்குப் பதில், 'இதில் உனக்குப் பிடித்த பத்தி எது?' என்று கேட்டுப் பார்க்கலாம். பிள்ளை மறுபடி தன் கட்டுரையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்.

அதற்காக எல்லாக் கண்டிப்பும் சரி என்று இல்லை. தாளில் ஒரு சுழிப்புகூட இல்லாமல் மார்க் மட்டும் குறைந்திருந்தால், காரணம் கேட்டால் சொல்லாமல் இருந்தால், கட்டுரையை வகுப்பில் படித்துக் கேலி செய்தால், அது வேறு விஷயம். அப்போது பெற்றோர் நேரில் போய், முதலில் அந்த ஆசிரியரிடம், சரிவரவில்லை என்றால் தலைமையாசிரியரிடம் தன்மையாகப் பேசத்தான் வேண்டும். வகுப்பில் எல்லோருக்குமே நாலுதான் என்றால், நல்ல கட்டுரை எப்படி இருக்க வேண்டும் என்று ஒன்றை வகுப்பில் படித்துக்காட்டும்படி கேட்கலாம். அதில் தப்பே இல்லை.

பொதுத்தேர்வு விடைத்தாளைத் திருத்துபவர் வேறு ஊர், வேறு பள்ளி ஆசிரியராக இருக்கலாம். எழுதியது யார் என்றே அவருக்குத் தெரியாது. 'நல்லாப் படிக்கிற பொண்ணு, அவசரத்தில் தப்பு வந்திருக்கும்' என்று நினைக்கவும் வழியில்லை. தாளில் இருப்பதற்குத்தான் மார்க். ஏழு போட்ட பழைய ஆசிரியருக்குப் பிள்ளையைத் தெரியும். அந்த ஏழில் கொஞ்சம் பிரியமும் சேர்ந்திருக்கலாம். நாலு போட்ட புதியவர், இப்போதைக்கு எழுத்தை மட்டும்தான் பார்க்கிறார். பொதுத்தேர்வுக்கு இன்னும் பல மாதங்கள் இருக்கும்போதே அப்படி ஒருவர் பார்த்துச் சொல்வது லாபம்தான். காலாண்டுத் தேர்வில் நாலு ஐந்தாக உயர்ந்தால், அந்த ஒரு மார்க்கை வீட்டில் கொண்டாடலாம். அது அவள் தன் கையால் சம்பாதித்தது.