வேளாண் கல்லூரி, மீன்வளக் கல்லூரி, வனக் கல்லூரி: அந்த நாற்காலியில் உட்காரப் போவது யார்?



ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறோம். உங்க தென்னந்தோப்புல வெள்ளை ஈ விழுந்து, ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி கறுத்துப் போகுது. யார்கிட்ட போவீங்க? ராஜ்பவனுக்கா? டெல்லிக்கா? 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ முதன்முதலா கண்டுபிடிக்கப்பட்டப்ப, விவசாயிங்க கண்ணு திரும்பினது கோயம்புத்தூர் லாலி ரோட்டுல இருக்கிற வேளாண் பல்கலைக்கழகத்துப் பக்கம்தான். கடல்ல மீன் வரத்து குறைஞ்சா நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகம். காட்டுல மரம் பட்டுப் போனா மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி.

இந்த இடங்களுக்குத் தலைமை யார்? துணைவேந்தர் யார், டீன் யார், அவரை யார் தேர்ந்தெடுக்கிறாங்க, எப்படித் தேர்ந்தெடுக்கிறாங்க? இதை டிவி விவாதத்துல யாரும் பேச மாட்டாங்க. ஆளுநர் அப்படிப் பேசினார், அமைச்சர் இப்படித் திருப்பி அடிச்சார்னு அரை மணி நேரம் ஓடும். அந்த நாற்காலி காலியா கிடந்தா ஒரு விவசாயிக்கு என்ன நஷ்டம்னு ஒரு நிமிஷம் கூடப் பேச மாட்டாங்க. அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கிட்டுப் படிங்க.

முதல்ல ஒரு நெல்லோட கதை. கோயம்புத்தூர்ல 1912இல் நெல் இனவிருத்தி நிலையம் தொடங்கினாங்க. அங்கிருந்து 1921இல் வெளிவந்தது ஜி.இ.பி.24ங்கிற ரகம். பிறகு அதையும் கோ.18ஐயும் ஒட்டுச் சேர்த்து டி.கே.எம்.6 வந்தது. அந்த டி.கே.எம்.6ஐ ஒரு பெற்றோரா வச்சு, பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல உருவானதுதான் ஐ.ஆர்.20. உங்க தாத்தா பயிர் பண்ணின, உங்க பாட்டி உலை வச்ச அதே ஐ.ஆர்.20தான். கோயம்புத்தூர் வயல்ல ஒருத்தர் பொறுமையா செஞ்ச வேலை, நாற்பது அம்பது வருஷம் கழிச்சு தஞ்சாவூர்க் களத்துல குவியலா விழுந்தது.

இதுதான் இந்தப் படிப்புகளோட இயல்பு. ஒரு ரகம் வெளிவர எட்டு, பத்து வருஷம். தேக்கு வெட்டுக்கு வர ஒரு தலைமுறை. மீன் வளம் ஏறுதா இறங்குதான்னு சொல்லவே பல வருஷக் கணக்கு வேணும். ஆனா அதுக்குத் தலைமை தாங்குறவருக்குப் பதவிக் காலம் மூணு வருஷம். அதுவும் நியமனம் ஆனா. ஆகலைன்னா 'பொறுப்பு'. பொறுப்பு துணைவேந்தர், பொறுப்பு டீன், பொறுப்பு பதிவாளர். பொறுப்புல இருக்கிறவர் கெட்டவர்னு நாம சொல்லல. அவருக்கு நாளைக்கு நாற்காலி இருக்கான்னு அவருக்கே தெரியாது. பத்து வருஷத் திட்டத்துல எப்படிக் கையெழுத்துப் போடுவார்? காலியா கிடக்கிற பேராசிரியர் இடங்களை நிரப்ப எப்படித் துணிவார்? சென்னைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்க. 2023 ஆகஸ்ட்ல துணைவேந்தர் பதவிக் காலம் முடிஞ்சது. அதுக்கப்புறம் ஒருங்கிணைப்புக் குழுவை வச்சுத்தான் வண்டி ஓடுது. நூத்தி அறுபது வருஷம் தாண்டின பல்கலைக்கழகத்துக்கே இந்தக் கதின்னா மத்தவங்க கதியை என்ன சொல்ல?

இப்ப டெல்லி என்ன பண்ணுச்சுன்னு பார்ப்போம்.

2025 ஜனவரி 6. யு.ஜி.சி. ஒரு வரைவு விதியை வெளியிட்டுச்சு. துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்க மூணு பேர் கொண்ட தேடல் குழு. ஒருத்தர் வேந்தரோட, அதாவது ஆளுநரோட ஆள். அவர்தான் தலைவர். இன்னொருத்தர் யு.ஜி.சி. தலைவரோட ஆள். மூணாவது ஆள் பல்கலைக்கழகத்தோட உயர்மட்ட அமைப்பு அனுப்புறவர். மாநில அரசு? காணோம். இடம் கொடுத்தது மாநிலம், சம்பளம் கொடுக்கிறது மாநிலம், மாணவருக்கு உதவித்தொகை கொடுக்கிறது மாநிலம். தேடல் குழுவுல மட்டும் அதுக்கு நாற்காலி இல்ல. மூணு நாள் கழிச்சு, ஜனவரி 9இல், தமிழ்நாடு சட்டமன்றம் இதைத் திரும்பப் பெறச் சொல்லித் தீர்மானம் போட்டது. அது சரியான காரியம். யார் போட்டாலும் சரின்னுதான் சொல்லுவோம்.

அதே வரைவுல இன்னொரு வரி இருக்கு. பேராசிரியரா பத்து வருஷம் இருந்தவர் மட்டும்தான்னு இல்லையாம். தொழில் துறை, பொது நிர்வாகம், பொதுத்துறை நிறுவனம் இதுல பத்து வருஷம் மூத்த பதவியில இருந்தவரும் துணைவேந்தர் ஆகலாமாம். கல்விப் பங்களிப்பு இருக்கணும்னு ஒரு வால் சேர்த்திருக்காங்க, அதை மறைக்க வேண்டாம். ஆனா அந்த வாலை எப்படி வேணும்னாலும் ஆட்டலாம்.

பொறியியல் கல்லூரியில இது எப்படியோ, அந்த விவாதத்தை இங்க எடுக்கல. மண்ணு, கடல், காடு படிக்கிற கல்லூரியில இது வேற விஷயம். நெடுவாசல்ல 2017இல் ஜனங்க ஏன் தெருவுல உட்கார்ந்தாங்க? பூமிக்கு அடியில இருந்து எடுக்கிறதுக்கும், பூமிக்கு மேல விளையிறதுக்கும் நடக்கிற சண்டை அது. அந்த மாதிரிச் சண்டை மறுபடி வந்தா, 'இந்த மண்ணுக்குக் கேடு'ன்னு ஆய்வறிக்கையில எழுத வேண்டியவங்க வேளாண் விஞ்ஞானிங்கதான். அப்ப துணைவேந்தர் நாற்காலியில எண்ணெய் நிறுவனத்துல இருந்து வந்தவர் உட்கார்ந்திருந்தா? உரக் கம்பெனியில இருந்து வந்தவர் உட்கார்ந்திருந்தா? அறிக்கை எழுதுற உதவிப் பேராசிரியர் பேனாவை மூடிட்டுப் போயிருவார். யாரும் அவரை மிரட்டக் கூட வேண்டாம்.

சரி, சட்டம் என்ன சொல்லுது? இதைத்தான் பலரும் கவனிக்கல.

1976இல், அவசரநிலைக் காலத்துல, 42ஆவது திருத்தம் வழியாக் கல்வியை மாநிலப் பட்டியல்ல இருந்து பொதுப் பட்டியலுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. காட்டையும் சேர்த்துத் தூக்கினாங்க. இது நம்ம ஆளுங்க எல்லாருக்கும் தெரியும், மேடைக்கு மேடை பேசுறோம். ஆனா ஒண்ணு தப்பிச்சது. மாநிலப் பட்டியல் 14ஆவது இனத்தை எடுத்துப் பாருங்க. வேளாண்மை, அதுக்குள்ள வேளாண் கல்வியும் ஆராய்ச்சியும் அடக்கம்னு இருக்கு. இன்னைக்கும் இருக்கு. 21ஆவது இனம் மீன்வளம். அதுவும் மாநிலத்தோடதுதான். அவசரநிலையே கை வைக்காத உரிமையை, ஒரு ஆணையத்தோட விதிப் புத்தகம் வந்து எடுத்துக்கிட்டுப் போகலாமா?

எதிர்த்தரப்பு சொல்றது என்னன்னா, ஒன்றியப் பட்டியல் 66ஆவது இனப்படி உயர்கல்வித் தரத்தை நிர்ணயிக்கிறது எங்க வேலை. தரத்தை நிர்ணயிங்க, வேண்டாம்னு யார் சொன்னா? துணைவேந்தருக்கு என்ன தகுதி வேணும்னு சொல்லுங்க. ஆள் எடுக்கிற குழுவுல பாதிக்கு மேல டெல்லி ஆளா உட்காருறது எந்தத் தரத்துல சேரும்?

இது கற்பனைப் பயம் இல்ல. பக்கத்து மாநிலத்துல நடந்தாச்சு. 2022 நவம்பர் 14. கேரள மீன்வளம், கடல்சார் படிப்புகள் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தை அந்த மாநில உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. காரணம், யு.ஜி.சி. விதிப்படி தேடல் குழு அமையல, ஒரே ஒரு பேரை மட்டும் பரிந்துரைச்சாங்க. இதுல ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். மீன்வளப் படிப்புக்கும் யு.ஜி.சி. விதியே செல்லும்கிறது நமக்கு உடன்பாடில்ல. ஆனா ஒரே ஒரு பேரைக் கொடுத்து 'இவரைப் போடு'ன்னு சொன்னது தப்பு. தோழமை அரசு செஞ்சாலும் தப்பு. நாம இப்படிக் கதவைத் திறந்து வச்சா, அந்தக் கதவு வழியாத்தான் அவங்க உள்ள வர்றாங்க.

பஞ்சாப் கதை இன்னும் ருசி. லூதியானா வேளாண் பல்கலைக்கழகம். பசுமைப் புரட்சிக் கோதுமை விளைஞ்ச இடம். 2022 ஆகஸ்ட்ல அங்க சத்பீர் சிங் கோசல் துணைவேந்தரா வந்தார். அதே பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி இயக்குநரா இருந்தவர், வயலும் ஆய்வகமும் தெரிஞ்ச ஆள். அக்டோபர்ல ஆளுநர் கடிதம் போடுறார்: என்னைக் கேட்காம நியமிச்சீங்க, யு.ஜி.சி. விதிப்படி இல்ல, அவரை நீக்குங்கன்னு. முதலமைச்சர் பகவந்த் மான் பதில் எழுதினார்: 1970ஆம் வருஷச் சட்டப்படி துணைவேந்தரை நியமிக்கிறது பல்கலைக்கழக வாரியம், இதுக்கு முன்னால இருந்தவங்களும் அப்படித்தான் வந்தாங்க, உங்களுக்கு இதுல வேலை இல்லன்னு. கோசல் நாற்காலியில தொடர்ந்தார்.

அந்த ஆளுநர் யார் தெரியுமா? நமக்குப் பழக்கமான பன்வாரிலால் புரோஹித்தேதான்! தமிழ்நாட்டுல இருந்து அங்க போனவர். சட்டம் தெளிவா இருந்தா ஆளுநர் கடிதத்துக்கு என்ன மதிப்புன்னு பஞ்சாப் காட்டிருச்சு.

நம்ம ஊருக்கு வருவோம். ஆளுநர் கிடப்புல போட்ட பத்து மசோதாக்களுக்கு 2025 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கிடைச்சதாவே அறிவிச்சது. அதுல வேளாண் பல்கலைக்கழகத் திருத்தமும், மீன்வளப் பல்கலைக்கழகத் திருத்தமும், கால்நடைப் பல்கலைக்கழகத் திருத்தமும் உண்டு. நாம இனிப்புக் கொடுத்தோம். மே 21இல் சென்னை உயர் நீதிமன்ற விடுமுறைக் கால அமர்வு, நியமன அதிகாரத்தை மாத்தின பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. இனிப்புப் பெட்டி காலியாகுறதுக்குள்ள மறுபடியும் ஆரம்பப் புள்ளி.

இங்க வரைக்கும் எழுதிட்டு 'ஆளுநரே வெளியேறு'ன்னு முடிச்சா எல்லாரும் லைக் போடுவீங்க. ஆனா முடிக்கப் போறதில்ல.

ஆளுநர் கையில இருந்து அதிகாரம் வந்து அமைச்சர் கையில விழுந்தா போதுமா? 2018 பிப்ரவரியில பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லஞ்ச வழக்குல கைதானதை மறந்துட்டோமா? உதவிப் பேராசிரியர் வேலைக்கு முப்பது லட்சம் ரூபாய்னு குற்றச்சாட்டு. அதே கோயம்புத்தூர்தான், வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துலதான். அதே வருஷம் அக்டோபர்ல துணைவேந்தர் பதவிக்குக் கோடிக் கணக்குல பணம் கை மாறினதா மேடையில சொன்னவரும் இதே புரோஹித்தான். ஆதாரத்தைக் காட்டினாரா, வழக்குப் போட்டாரா, அது வேற. ஆனா அதைக் கேட்டு யாராவது ஆச்சரியப்பட்டாங்களா? டீக்கடையில ஒருத்தர் கூட 'அப்படியா!'ன்னு வாயைப் பிளக்கல. அங்கதான் நம்ம தோல்வி இருக்கு. மாநில உரிமைன்னு நாம பேசுறப்ப, 'எதுக்குப்பா, வசூல் பண்றதுக்கா?'ன்னு எதிராளி கேட்டா, பதில் சொல்ற இடத்துல நாம இருக்கணும்.

கமெண்ட்ல சிலர் கேட்பாங்க, 'இப்ப போய் நம்ம ஆளுங்களையே விமர்சிக்கலாமா, எதிரிக்கு அவல் கொடுத்த மாதிரி ஆகாதா'ன்னு. கேரளாவுல அந்த அவலைக் கொடுத்தது விமர்சனம் பண்ணினவங்க இல்ல. ஒரே பேரை எழுதி அனுப்பின குழு.

அதனால நாம கேட்கிறது ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான். ஒன்றிய அரசுக்கு: வேளாண்மை, மீன்வளம், கால்நடைப் பல்கலைக்கழகங்களை யு.ஜி.சி. நியமன விதியில இருந்து வெளிப்படையா விலக்கி எழுதிக் கொடு. 14ஆவது இனம் உன் அரசியல் சாசனத்துலயும்தான் இருக்கு.

மாநில அரசுக்கு: பதவி காலியாகுறதுக்கு ஆறு மாசம் முன்னாலயே விளம்பரம் கொடு. துணைவேந்தருக்கு மட்டுமில்ல, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி டீனுக்கும், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி டீனுக்கும். யார் யார் விண்ணப்பிச்சாங்க, கடைசிச் சுற்றுக்கு வந்த மூணு பேர் யாரு, அவங்க என்ன ஆராய்ச்சி பண்ணினாங்க, எந்தக் கம்பெனிகிட்ட ஆலோசனைக் கட்டணம் வாங்கினாங்க, எல்லாத்தையும் இணையத்துல போடு. அந்த மூணு பேரும் மாணவர், ஆசிரியர் முன்னால ஒரு மணி நேரம் நின்னு, 'நான் வந்தா இதைச் செய்வேன்'னு சொல்லட்டும், கேள்விக்குப் பதில் சொல்லட்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள்ல டீன் தேர்வுக்கே இது நடக்குது. நம்ம ஊர்ல துணைவேந்தர் பேரையே பத்திரிகையில பார்த்துத்தான் பேராசிரியர்கள் தெரிஞ்சுக்கிறாங்க.

தேடல் குழுவுல ஒரு விவசாயி உட்காரட்டும். மீன்வளத்துக்கு ஒரு மீனவர், வனக் கல்லூரிக்கு ஒரு பழங்குடி. 'அவங்களுக்கு என்ன தெரியும்'னு கேட்கிற படிச்ச பெருமக்களுக்கு ஒண்ணு சொல்றோம். அறுபத்தோரு நாள் தடைக்காலத்துல வலையைச் சுருட்டி வச்சுட்டு, கடனை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு, மீன்வளத் துறைக்கு எப்படிப்பட்ட ஆள் வேணும்னு நல்லாவே தெரியும்.

'பொறுப்பு'ங்கிறது மூணு மாசத்துக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டத்துலயே எழுது. அதிகாரிகளை வச்சு ஒப்பேத்தாதே. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தை ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருத்தர் கூடுதல் பொறுப்பாப் பார்த்த காலமும் உண்டு. கோப்பு நகரும், சரி. பயிர் கோப்பைப் பார்த்து வளராது.

நம்ம உழவர் அணி, மாணவர் அணித் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்க மாவட்டத்துல இருக்கிற வேளாண், மீன்வள, வன, கால்நடைக் கல்லூரிகள்ல டீன் முழுநேரமா, பொறுப்பா, எத்தனை மாசமா பொறுப்பு, காலிப் பணியிடம் எத்தனைன்னு தகவல் உரிமைச் சட்டத்துல மனுப் போடுங்க. கட்டணம் பத்து ரூபாய்தான். பதில் வந்ததும் மாவட்ட வாரியா இந்தப் பக்கத்துலயே போடுறோம். பதில் வரலைன்னா, அதையும் போடுறோம்.

#வேளாண்கல்வி_மாநில_உரிமை
#பொறுப்பு_போதும்