குட்டியின் விலையும் தீனிக் கணக்கும்

பாம்பு விற்பது நமது தொழில் அன்று. நமது நாட்டில் மலைப்பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆயினும் அமெரிக்கச் செல்லப்பிராணிக் கடைகளில் பர்மிய மலைப்பாம்பு விற்கப்பட்ட விதத்தில், கல்லாவில் அமரும் எவரும் கவனிக்க வேண்டிய சங்கதி உண்டு.

முட்டையிலிருந்து வந்த குட்டி சுமார் 2 அடி நீளம் இருக்கும். சிறு கண்ணாடித் தொட்டியில் அடங்கும்; வாரம் ஓர் எலி போதும். வாங்க வந்தவர் கண்டது இவ்வளவுதான். தாராளமாகத் தீனி போட்டால் ஓராண்டிலேயே 6, 7 அடியை எட்டிவிடும். பிறகு முயல் கேட்கும். பெண் பாம்பானால் 12 அடியையும் தாண்டும். தூக்க ஓர் ஆள் போதாது.

காட்டில் அடுத்த இரை எப்போது என்று தெரியாத பிராணி, கிடைத்தபோதெல்லாம் விழுங்கும். பெரிய இரையை விழுங்கிய இரண்டே நாளில் அதன் இதயம் 40 விழுக்காடு பருத்து, செரித்தபின் பழைய அளவுக்குத் திரும்புகிறது என்கிறது 2005-இல் வெளியான ஓர் ஆய்வு. சீக்கிரம் பெரிதாக்கி இனப்பெருக்கத்துக்கு விடும் ஆசையில் ஊட்டிக்கொண்டே இருந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து ஆயுள் குறையும். உடம்பின் பருமனுக்கு ஏற்ற இரை, குட்டிக்கு வாரம் ஒன்று, வளர்ந்ததற்குச் சில வாரங்களுக்கு ஒன்று, செரிக்க 30 டிகிரி அளவில் வெப்பம். இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. ஆனால் எலியையும் அதே கடைதான் விற்றது என்றால், குறைவாகப் போடுங்கள் என்று சொல்ல வாய் வருமா?

சொன்ன கடைக்காரர்களும் இருந்தார்கள். சொல்லாதவர்களிடம் வாங்கி, வளர்ந்த பாம்பைச் சமாளிக்க முடியாதவர்கள் சிலர் அதைப் புளோரிடாவின் சதுப்பு நிலத்தில் விட்டனர். 2000-ஆம் ஆண்டில் எவர்கிளேட்ஸ் பூங்காவில் அவை பெருகி நிலைத்துவிட்டன என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. அங்கே சாலையோரம் கண்ணில் படும் ரக்கூன்கள் 99 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2012-இல் ஓர் ஆய்வு கூறியது. 2010-இல் புளோரிடா, வீட்டில் வளர்க்கப் புதிதாக வாங்குவதைத் தடுத்தது. 2012-இல் மத்திய அரசு இறக்குமதியையே நிறுத்தியது. ஒழுங்காக நடந்தவரின் வியாபாரமும் சேர்ந்தே போயிற்று.

ஈர மிளகாயை எடை போட்டு விற்பவரைப் பற்றிச் சங்கத்தில் நாம் என்ன பேசுகிறோம் என்பது தெரிந்ததே. குட்டியின் விலைச் சீட்டிலேயே வளர்ந்தபின் வரும் நீளத்தையும் ஓராண்டுத் தீனிச் செலவையும் அவர்கள் எழுதியிருக்க வேண்டும் என்பது நமது கருத்து. விற்பனை பாதியாகும் என்பார்கள். ஆகட்டுமே, மீதிப் பாதி இன்றும் நடந்துகொண்டிருக்கும்.