காய்ச்சல் விட்ட பிறகு

டெங்கு வார்டு வாசலில் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" அந்த எண்ணை ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்கிறோம், பப்பாளி இலை தேடி அலைகிறோம், ரத்தம் கொடுக்க ஆள் பிடிக்கிறோம். ஆனால் டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் ரத்தநாளத்தின் உள்சுவர் கசிவதால்தான் வருகிறது.

அந்தச் சுவர் ஒரே ஒரு செல் தடிமன். மேலே சர்க்கரைச் சேர்மங்களால் ஆன மெல்லிய பூச்சு. அந்தச் சுவரின் செல்கள் விசித்திரமானவை. ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் உரசிக்கொண்டு ஓடினாலும் அதை அதிகம் தொடாமல், குளுக்கோஸை ஆக்சிஜன் தேவைப்படாத வழியில் உடைத்தே தமக்கான ஆற்றலில் பெரும்பங்கைத் தேடிக்கொள்கின்றன. பந்தி பரிமாறுகிறவர் இலையில் கை வைக்காதது போல. டெங்கு வைரஸின் என்எஸ்1 புரதம் இந்தப் பூச்சைச் சிதைப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பிளாஸ்மா வெளியே கசிகிறது, ரத்தம் கெட்டியாகிறது, அழுத்தம் சரிகிறது. ஹெமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பது இதற்காகத்தான்.

கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7 நாளுக்குள், அது இறங்கும்போது தொடங்குகிறது. "ஜுரம் விட்டுடுச்சு" என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற அதே நாளில்!

ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றிப் பயனில்லை என்பதை, 2017இல் வெளியான சிங்கப்பூர், மலேசியா ஆய்வு காட்டியது. இருந்தும் உறவினர் நெருக்கடிக்கு மருத்துவமனைகள் பணிவதுண்டு. அதில் பாதிப் பழி நம்முடையது. நோய் முற்றுவதில், ரத்தக்கசிவைக் கூட்டக்கூடிய ஐபுபுரூஃபனைச் சீட்டில்லாமல் நீட்டும் மருந்துக்கடைக்கும், காய்ச்சல் விட்ட மறுநாளே வரச் சொல்லும் பள்ளிக்கும் பங்குண்டு. மாநகராட்சி புகை அடிக்கட்டும். அது பறக்கும் கொசுவோடு சரி. மொட்டைமாடித் தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் ஒட்டிய, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, காய்ந்த பின்னும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதைத் தேய்த்துக் கழுவ வேண்டியது வீட்டுக்காரர்தான்.

காய்ச்சல் இறங்கிய அடுத்த 2 நாள் நோயாளியைத் தனியே விடாதீர்கள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பிளேட்லெட் எண்ணைக் கேட்கும் முன், கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்று கேளுங்கள்.