நம் ஊரை நாமே வரைவோம்



ஆண்டர்சன்பேட்டையில் பிறந்தவன் என்று சொன்னால், "அந்தப் படத்தில் வருகிற ஊர்தானே?" என்று கேட்கிறார்கள். 2018-இலும் 2022-இலும் வந்த கே.ஜி.எஃப். படங்களின் கதை கற்பனை. ஆனால் இன்று நம் ஊரின் முகமாக உலகம் அறிந்திருப்பது அதைத்தான். குறை படம் எடுத்தவர்களிடம் இல்லை. நம் ஊரை நாம் வரைந்து வைக்கவில்லை என்பதே குறை.

இங்கிலாந்தில் ஆஷிங்டன் என்றொரு நிலக்கரிச் சுரங்க ஊர். 1934-இல் அங்குள்ள தொழிலாளர்கள் ஓவியம் பற்றி அறிந்துகொள்ள மாலை வகுப்பு தொடங்கினார்கள். ஆசிரியர் இராபர்ட் லயன் பெரிய ஓவியர்களின் படங்களைக் காட்டினார். அவர்கள் மனத்தில் ஒட்டவில்லை. "நீங்களே செய்து பாருங்கள்" என்றார். லினோலியத் துண்டைச் செதுக்கி அச்செடுத்தார்கள். பிறகு தூரிகை பிடித்தார்கள். சுரங்கம், சமையலறை, புறாக்கூடு எனத் தாங்கள் வாழ்ந்ததையே வரைந்தார்கள். அவை இன்று பழைய சுரங்க வளாகமான வுட்ஹார்ன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? நமக்கு அருகிலுள்ள தெலுங்கு நாட்டில் 1940-இல் பிறந்த லக்ஷ்மா கௌட், தம் நிஜாம்பூர் கிராமத்து மனிதர்களையும் ஆடுகளையும் மரங்களையும் உலோகத் தகட்டில் கீறி அச்செடுத்தே புகழ்பெற்றார்.

அந்தத் தகட்டுக் கலை நமக்கு அந்நியமானதா? மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டால் கோடு அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அதில் மை நிரப்பி அச்செடுப்பார்கள். கல்லைப் பொடித்துச் சயனைடில் கரைத்துத் தங்கம் பிரித்தவர்களின் பிள்ளைகளுக்கு இது புரியாதா?

"வேலைக்கே விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு ஓடுகிறார்கள், கலை எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சுரங்கம் மூடி, 2001 பிப்ரவரி 28-க்குப் பிறகு ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். கீழே இருந்த சூடும் இருட்டும், சங்கு ஊதியதும் லயன் வீடுகளில் எழுந்த பரபரப்பும் அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன. நினைவுக்கு வாரிசுரிமை தானாக வராது.

லினோலியத் துண்டு, செதுக்குளி, மை, தாளை அழுத்தித் தேய்க்க ஒரு கரண்டி: இவை போதும். அச்சு இயந்திரம்கூட வேண்டாம். ஒரு பலகையிலிருந்து ஐம்பது படி எடுக்கலாம். ஊரைவிட்டுச் சிதறிய ஐம்பது குடும்பங்களின் சுவரில் ஒரே சயனைடு மேடு தொங்கலாம்.

பொங்கல் விழாவில் வழக்கமான ஓவியப் போட்டிக்குப் பதிலாக, அடுத்த முறை நம் சங்கம் இதைச் செய்யட்டும்: ஒரு முதியவர் சொல்ல, ஒரு சிறுவன் செதுக்க வேண்டும். பரிசுகூட வேண்டாம். முதல் படியை அந்தப் பெரியவர் கையில் கொடுத்தால் போதும்.