ஜின்களை நாடு கடத்தியவர்கள்

சிறிது காலத்துக்கு முன் ஒரு பாடசாலையின் சிறுகதைப் போட்டிக்கு நடுவர் மூவரில் ஒருவனாகப் போயிருந்தேன். பாடசாலையின் பெயர் இங்கு அவசியமில்லை. எட்டாம் தரத்தில் படிக்கும் ஒரு மாணவியின் கதை என் கைக்கு வந்தது.

குருமண்வெளித் துறையில் கடைசிப் பாதையும் போய்விட்டது. (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை நாம் 'பாதை' என்றுதான் சொல்வோம்.) ஒரு சிறுமி மட்டும் தனியே நிற்கிறாள். இருட்டுக்குள்ளிருந்து இன்னொரு பாதை வருகிறது. அதைக் கொண்டு வருபவனுக்கு நிழல் இல்லை. மண்டூருக்கு ஏற்றிப்போக அவன் காசு கேட்கவில்லை. "யாரத் தேடிப் போறாய்?" என்று மாத்திரம் கேட்கிறான். "எங்கட மூத்தாப்பாவ" என்கிறாள். மூத்தாப்பா வேளாண்மை பார்க்கப் படுவான்கரைக்குப் போய் 1990இல் திரும்பி வராதவர். அவள் அவரைக் கண்டதேயில்லை. பாதைக்காரன் நடுவாவியில் நிறுத்திச் சொல்கிறான்: "அவர நான் ஒவ்வொரு ராவும் ஏத்துறன் புள்ள. இறங்குறதுக்குத்தான் அவருக்கு ஒரு கரையும் இல்ல." அவள் அழவில்லை, ஸலாம் சொல்கிறாள். அவன் பதில் ஸலாம் சொல்கிறான். அவன் ஜின் என்பதும், கலிமாச் சொன்ன ஜின் என்பதும் அப்போதுதான் அவளுக்கு விளங்குகிறது.

கதையில் எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆனால் அதைப் படித்த அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. முதற்பரிசு அதற்கே என்று நான் நினைத்தேன். உடனிருந்த மௌலவி, "இது அகீதாவுக்கு முரண்" என்றார். உடனிருந்த ஆசிரியை, "பிள்ளைகளின் மனதில் பயத்தை விதைக்கும்" என்றார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நான் தோற்றேன். டெங்கு ஒழிப்புப் பற்றிய கதைக்குப் பரிசு கிடைத்தது. பின்னர் இதை எழுத்தாள நண்பர் ஒருவரிடம் சொல்லி ஆறுதல் தேடினேன். அவரோ, "நல்லவேளை, யதார்த்தத்தில் எழுதப் பழக்குங்கள்" என்றார். மார்க்கம், கல்வி, இலக்கியம் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கதையை மூடிவிட்டன. அம்மூவருக்கும் பதில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மௌலவி. ஜின்களை நம்புவது நமது ஈமானோடு தொடர்புடைய விடயம். குர்ஆனில் அவற்றின் பெயரிலேயே 72ஆவது அத்தியாயம் இருக்கிறது. ஸுலைமான் நபியின் பணியில் ஜின்கள் இருந்ததும், அவர் கைத்தடியில் சாய்ந்தபடி வபாத்தாகி, புழு தடியை அரித்து அவர் சாயும்வரை அது தெரியாமல் அவை உழைத்துக்கொண்டிருந்ததும் அங்கேயே சொல்லப்படுகின்றன. றமழான் ஸகாத் பொருளுக்குக் காவலிருந்த அபூஹுரைராவிடம் மூன்று இரவுகள் திருட வந்து, கடைசியில் ஆயத்துல் குர்ஸியின் சிறப்பைச் சொல்லிவிட்டுப்போன ஷைத்தானின் சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் உண்டு. கடலில் ஒரு மாதம் அலைக்கழிந்து ஒரு தீவில் ஒதுங்கி, உடலெல்லாம் ரோமம் மூடிய ஜஸ்ஸாஸா என்ற பிராணியையும், விலங்கிடப்பட்ட தஜ்ஜாலையும் கண்டு வந்த தமீமுத் தாரியின் அனுபவத்தை நபியவர்கள் மக்களைப் பள்ளிவாசலில் இருத்திவைத்துச் சொன்னார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. இவற்றைச் சிறுபராயத்தில் ஓதுபள்ளிக்கூடத்தில் லெப்பையின் வாயிலிருந்து கேட்டு முடங்கிப் படுக்காதவர் நம்மில் யார்?

இன்று மேடைகளில் 'ஷிர்க், பித்அத், குராபாத்' என்ற மூன்று சொற்களும் ஒரே மூச்சில் உச்சரிக்கப்படுகின்றன. மூன்றாவது சொல்லின் கதையை எத்தனை பேர் அறிவர்? குராபா என்பவர் உத்ரா கோத்திரத்து மனிதர். ஜாஹிலிய்யாக் காலத்தில் ஜின்களால் பிடிக்கப்பட்டு, நெடுநாள் அவற்றோடு வாழ்ந்து, ஊர் திரும்பி, கண்ட அதிசயங்களைச் சொன்னவர். நம்பமுடியாத எதைக் கேட்டாலும் அரபியர் அதனைக் 'குராபாவின் கதை' என்றனர். அவரைப் பற்றி நபியவர்கள் தம் மனைவியரிடம் ஓரிரவு சொன்னதாக ஒரு அறிவிப்பை இமாம் திர்மிதி தமது ஷமாயிலில் சேர்த்திருக்கிறார். இராப்பேச்சுக்கென்றே அவர் ஒதுக்கிய பாடத்தில் அது வருகிறது. அதன் அறிவிப்பாளர் வரிசையில் பலவீனம் உண்டென்று ஹதீஸ் கலையினர் சொல்வதை நான் மறைக்கவில்லை. அதைக்கொண்டு சட்டம் எடுக்கவும் நான் வரவில்லை. கதையை மார்க்கம் என்று நம்புவது வேறு, கதையைக் கதையாகக் கேட்பது வேறு என்ற தெளிவு நம் முன்னோருக்கு இருந்தது என்பதே என் வாதம்.

அந்தத் தெளிவினால்தான் தமிழ் முஸ்லிம்களுக்குக் கிஸ்ஸா என்ற இலக்கிய வகையே கிடைத்தது. ஜின்னால் தூக்கிச் செல்லப்பட்டு, ஊர் ஊராக, தீவு தீவாக அலைந்து, வீடு திரும்பும் மனிதனின் கதையான தமீமன்சாரி கிஸ்ஸாவை நம் வீடுகளில் விளக்கைச் சுற்றியிருந்து வாசித்தனர். 'மாறுபட்ட கொள்கை' என்ற சந்தேகம் அவ்வீட்டுப் பெண்களுக்கு எழவில்லை. அவர்கள் ஐவேளையும் தொழுதவர்கள்.

இவ்விடயத்தில் நாம் தனித்தவர்களுமல்ல. 2002இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் தனியார் பாடசாலைகளில் ஹாரி பொட்டர் தடைசெய்யப்பட்டது. மேற்கின் நஞ்சு என்று நம்மவர் அதைத் தள்ளிய அதே காலத்தில், அமெரிக்காவின் கிறிஸ்தவ மதவாதிகள் சூனியம் என்று அதே புத்தகத்தைத் தூற்றினர். 2000 முதல் 2009 வரையான பத்தாண்டில் மிகக் கூடுதலான ஆட்சேபங்களுக்குள்ளான நூல்களின் பட்டியலில் அமெரிக்க நூலகச் சங்கம் அதற்கே முதலிடம் கொடுத்தது. பேய்க்கதைக்கு அஞ்சும் பெரியவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அதற்காகப் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைப் படிக்காமல் விடவில்லை.

இனி ஆசிரியை. அவரது அக்கறையை நான் மதிக்கிறேன். பிள்ளை இரவில் அலறி எழும்பினால் பக்கத்தில் இருக்க வேண்டியவர் தாய். ஆனால் பயத்தை விதைப்பது கதை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் பிள்ளைகளின் மனதில் அந்த விதை முன்னமே விழுந்துவிட்டது. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதம் 12இல் ஏறாவூர். அடுத்த மாதம் 9இல் சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள். 2004 டிசம்பர் 26இல் கடலே எழுந்து மருதமுனைக்குள்ளும் கல்முனைக்குள்ளும் வந்தது. இவற்றைப் பிள்ளைகளுக்கு யாரும் கதையாகச் சொல்லவில்லை. வீட்டில் பெரியவர்கள் திடீரென்று பேச்சை நிறுத்துவதிலிருந்து அவர்கள் தாமாக அறிந்துகொண்டார்கள்.

2011 ஓகஸ்டில் வந்த கிறீஸ் பூதத்தை நினைத்துப் பாருங்கள். அது றமழான் மாதம். எங்கள் தெருவில் பெண்கள் தறாவீஹுக்குப் போக அஞ்சினார்கள். ஆண்கள் பொல்லுகளோடு விடியும்வரை காவலிருந்தார்கள். பொத்துவிலிலும் கிண்ணியாவிலும் மக்கள் படையினரோடும் பொலிசாரோடும் மோதினர். புத்தளத்தில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் அடித்துக் கொல்லப்பட்டார். உடம்பில் கிறீஸ் பூசிய அந்த உருவத்தை எந்தச் சிறுவர் எழுத்தாளரும் படைக்கவில்லை. பேய்க்கதைகளை நாம் ஒதுக்கி வைத்திருந்த காலத்திலேயே அது வந்தது. அந்த நாட்களில் பிள்ளைகளிடம் நாம் சொன்னதெல்லாம் "கதவைச் சாத்து, வாயை மூடு" என்பதுதான். பூதம் யார், ஏன் வந்தது, எப்படிப் போனது என்று ஒரு முடிவை நாம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. கதைக்கு ஒரு முடிவு உண்டு. மூத்தம்மா 'அவ்வளவுதான், படுங்க' என்று சொன்னவுடன் ஜின் தன் இடத்துக்குப் போய்விடும். புரூனோ பெட்டல்ஹைம் என்ற உளவியலாளர் 1976இல் இதையே ஒரு நூலாக எழுதினார். அவரது மற்றச் செயல்கள் பின்னர் கடுமையாக விமர்சிக்கப்பட்டன. ஆனால் பயங்கரம் நிறைந்த பழங்கதைகள், பிள்ளை தனக்குள் ஏற்கெனவே இருக்கும் அச்சத்துக்கு ஓர் உருவம் கொடுத்து அதை வெல்ல உதவுகின்றன என்ற அவர் கருத்து நம் மூத்தம்மாமார் அறியாததல்ல.

மூன்றாவதாக, யதார்த்தம் கேட்கும் நண்பர். இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் அசன்பே சரித்திரத்தை 1885இல் எழுதியவர் அறிஞர் சித்திலெப்பை. அது ஒரு சாகசக் கதை. நண்பரின் அளவுகோலைப் பிடித்தால் நமது நாவல் வரலாற்றை அதன் முதற்பக்கத்திலேயே கிழிக்க வேண்டிவரும். சமூகத்தைச் சீர்திருத்தப் பாடசாலைகளுக்காகப் பாடுபட்ட அம்மனிதருக்குச் சாகசக் கதை எழுத வெட்கமிருக்கவில்லை. அந்த மாணவி யதார்த்தத்தில் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பாள்? 'மூத்தாப்பா காணாமற்போனார்' என்ற ஒரு வசனம். அதற்குமேல் அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அந்த நிழலில்லாத பாதைக்காரன்தான்.

ஏன் மண்டூர் என்று சிலர் கேட்கலாம். மண்டூர் போரதீவுப்பற்றில், வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. சின்னக் கதிர்காமம் என்று சொல்லப்படும் முருகன் கோயிலின் ஊர். புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை பிறந்த ஊர். எழுவான்கரை முஸ்லிம்கள் பலருக்குப் படுவான்கரையில் வயல் இருந்தது. போடியாரும் முல்லைக்காரனும் கூலியாளும் வெட்டுக் காலத்தில் அங்கே வாடி போட்டுத் தங்கினர். சூடு மிதிக்கும் களத்தில் வழக்கமான சொற்களைப் பேசக்கூடாது. பேசினால் பூதம் நெல்லை வாரிக்கொண்டு போய்விடும். களத்துக்கென்றே தனிச் சொற்கள் இருந்தன. தமிழரும் அச்சொற்களைப் பேசினர், முஸ்லிம்களும் பேசினர். ஒரே பூதத்துக்கு இரு சமூகமும் அஞ்சிய காலம் அது. என் மூத்தம்மாவின் கதைகளில் படுவான்கரை முனியும் நமது ஜின்னும் எல்லைத் தகராறுள்ள அயலவர்கள். ஏசிக்கொள்வார்கள், வெள்ளம் வந்தால் ஒன்றாக வரம்பு கட்டுவார்கள்.

போர் அந்தப் போக்குவரத்தை அறுத்தது. வயல்களுக்குப் போக முடியாமற் போயிற்று. படுவான்கரை 2007 வரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மறுகரையைக் காணாமலே வளர்ந்தார்கள். ஜின்னும் முனியும் கதையிலிருந்து போனபிறகு மறுகரையில் மிஞ்சியது 'அவங்கள்' என்ற ஒரு சொல். மறுகரையிலும் நம்மைப் பற்றி அப்படியொரு சொல் மிஞ்சியிருக்கும். 'அந்தப் பக்கம் போகாதே' என்று மூத்தம்மா சொன்னபோது அங்கே ஜின் இருந்தது. நாம் சொல்லும்போது அங்கே அயலவன் இருக்கிறான். இதில் எது பிள்ளையின் மனதை அதிகம் கெடுக்கும் என்பதை ஆசிரியையும் மௌலவியும் சிந்திக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் மார்க்கம் தரும் ஒரு கொடையை நாம் எழுத்தில் பயன்படுத்தவேயில்லை. ஜின்களில் ஸாலிஹானவையும் உண்டு, அவ்வாறல்லாதவையும் உண்டு என்பது நாம் நம்புவது. கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் ஷைத்தான் அல்ல. ஆகவே நம் கதையில் இருட்டில் வருவதைப் பார்த்துப் பிள்ளை உடனே கல்லெறிய முடியாது. முதலில் ஸலாம் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்த மாணவி செய்தது அதைத்தான். அகீதா அறிந்த பிள்ளை அவள்தான் என்பேன்.

எனக்கும் ஆட்சேபங்கள் உண்டு. ஜின்னின் பெயரால் பணம் பறிப்பவர்களை நான் ஆதரிக்கவில்லை. நோயுற்ற பெண்ணை வைத்தியரிடம் கொண்டுபோகாமல் ஓதிப் பார்க்கிறேன் என்று அடிப்பவனைச் சட்டத்திடம் ஒப்படைக்க வேண்டும். மௌலவியின் கோபம் அங்கே திரும்பினால் நானும் அவரோடு நிற்பேன். கைத்தொலைபேசியில் பிள்ளைகள் பார்க்கும் பேய்ப்படங்களிலுள்ள இரத்தமும் பெண்ணுடலும் எனக்கும் அருவருப்பானவை. ஆனால் நல்ல கதையைத் தடுத்தவர்களே அந்தப் படங்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் ஜின் கதை சொல்ல ஆளில்லாத பிள்ளை, கிடைப்பதைப் பார்க்கிறது.

நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் கிழக்கு முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களையும் பழமொழிகளையும் அலைந்து திரிந்து தொகுத்தார்கள். அதே உழைப்போடு நமது ஜின் கதைகளையும் தொகுக்க வேண்டும். கதை சொன்ன மூத்தம்மாமார் பலர் மௌத்தாகிவிட்டார்கள். எஞ்சியிருப்பவர்களிடம் போக இன்னும் சில வருடங்களே இருக்கின்றன. இரு கரையிலும் போக வேண்டும். மண்டூரில் ஒரு கிழவியிடம் நமது ஜின்னைப் பற்றிய கதையொன்று இருக்கக்கூடும்.

இச்சஞ்சிகையின் ஆசிரியர் குழுவிடம் ஒரு கோரிக்கை. வருடத்தில் நான்கு இதழ் போடுகிறோம். கவிதைக்குப் பக்கம் உண்டு, நூல் விமர்சனத்துக்கு உண்டு, நமக்குள் சண்டை பிடிக்கவும் தாராளமாக உண்டு. பிள்ளைகளுக்கு ஒரு பக்கமும் இல்லை. அந்த மாணவியிடமும் அவளது உம்மாவிடமும் கேட்டுக் கதையின் பிரதியொன்றை வாங்கி வைத்திருக்கிறேன். கொடுக்கும்போது உம்மா கேட்டார்: "இதப் போட்டா ஏதும் பிரச்சினை வருமா?" வராது என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத்துப் பிழைகளை மாத்திரம் திருத்தி அடுத்த இதழில் போடுங்கள். ஆட்சேபிப்பவர்கள் அதற்கடுத்த இதழில் எழுதட்டும்.